வீட்டு சர்வருக்குப் பூட்டு போடுங்கள்

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் எழும் முதல் கேள்வி, பழையதை என்ன செய்வது என்பதுதான். கடையில் போட்டால் கிடைக்கும் பணம் ஆட்டோ கூலிக்கே சரியாகிவிடும். பரணில் ஏற்றி வைத்தால் தூசிதான் சேரும். எனவே பலர் அதில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பதிந்து, வீட்டு சர்வராக மாற்றிக் கொள்கின்றனர். பழைய கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவு போர்டையோ, நாஸ் எனப்படும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டியையோ வாங்குகின்றனர்.

குழந்தையின் முதல் பிறந்த நாள் வீடியோ, அக்கா கல்யாண ஆல்பம், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம், படிப்புச் சான்றிதழ்கள் என அனைத்தும் ஒரே இடத்தில் இருக்கும். வீட்டில் உள்ள போன், லேப்டாப், டிவி எல்லாம் வைபை மூலம் அதிலிருந்து எடுத்துக் கொள்ளும். மாதக் கட்டணம் கிடையாது. இதுவரை எந்தப் பிரச்னையும் இல்லை.

ஆபத்து நம்முடைய அடுத்த ஆசையில்தான் தொடங்குகிறது. வெளியூர் போனாலும் போனிலிருந்தே அந்த போட்டோக்களைப் பார்க்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நண்பர் ஒருவர் சொன்னபடி ரவுட்டரில் ஒரு செட்டிங்கை மாற்றுவோம். சென்னை வீட்டில் இருக்கும் சர்வர் கோவையில் உள்ள போனில் தெரியும். ஆனால் நமக்குக் கோவையில் தெரிகின்ற அதே கதவு, உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கதவைப் பூட்டுவது எப்படி, அதற்கு முன் அந்தக் கதவு தேவைதானா என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

கதவைத் தட்டுவது யார்?

"என்னை யாருக்குத் தெரியும்? என் வீட்டு போட்டோக்களை எடுத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களை யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வீட்டு சர்வர்களைத் தாக்குவோர் உங்கள் பெயரைத் தேடி வருவதில்லை. அவர்கள் ஒரு புரோகிராமை இயக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அந்த புரோகிராம் ஒவ்வொரு இன்டர்நெட் முகவரியாகத் தட்டிக் கொண்டே போகும்.

இதைப் புரிந்து கொள்ள இரண்டு சொற்களைத் தெரிந்து கொள்ளவும். ஒன்று ஐ.பி. முகவரி. இன்டர்நெட்டில் உங்கள் வீட்டின் தெருவும் கதவு எண்ணும் இதுதான். பழைய முறையான ஐ.பி.வி4ல் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தான் உண்டு. இரண்டாவது போர்ட். ஒரு வீட்டிற்குப் பல கதவுகள் இருப்பது போல, ஒரு முகவரியில் 65,535 வரை எண்ணிட்ட கதவுகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதவு. இணையப் பக்கங்களுக்கு 80 மற்றும் 443, லினக்ஸ் சர்வரை தூரத்திலிருந்து இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். முறைக்கு 22, விண்டோஸ் போல்டர் ஷேரிங்கிற்கு 445, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பிற்கு 3389 என எண்கள் தரப்பட்டுள்ளன.

429 கோடி என்பது பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? 2013ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப் என்ற புரோகிராமை வெளியிட்டனர். வேகமான ஓர் இணைப்பும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால், இந்த முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடங்களுக்குள் பார்த்துவிடலாம் என்று காட்டினர். ஆய்வுக்காக எழுதப்பட்ட புரோகிராம் அது. ஆனால் இதே வேலையைத் திருடனும் செய்யலாம். ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், உலகத்தின் எல்லா வீட்டுக் கதவுகளையும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட முடிகிறது. நீங்கள் மறைந்து இருக்கிறீர்கள் என்பது ஒரு பாதுகாப்பே இல்லை.

நடந்த கதைகள் நான்கு

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதல் கதை 2016ல் நடந்தது. மிராய் என்ற கெடுதல் புரோகிராம் சி.சி.டி.வி. கேமராக்கள், வீடியோ ரெக்கார்டர் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றைத் தேடித் தட்டியது. அதனிடம் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. தயாரித்த நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தந்த யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60 மட்டும் அதனிடம் இருந்தன. வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்ததால் லட்சக்கணக்கான சாதனங்கள் அதற்கு அடிமையாயின. அந்தப் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21ல் டின் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டன. இணைய தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருவது அந்நிறுவனத்தின் வேலை. எனவே ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. இதை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். 2017ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டனர். பாடம்: பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டை ஒரு நாள் கூட வைத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது கதை 2021 ஜூன் மாதம் நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கை வைத்திருந்த பலர், ஒரு நாள் காலையில் பார்த்தபோது அது காலியாக இருந்தது. வெளியிலிருந்து யாரோ, பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் ரீசெட் கட்டளையை அனுப்பியிருந்தனர். பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் படங்கள் போய்விட்டன. இந்தக் கட்டளைக்கு முன் பாஸ்வேர்ட் கேட்கும் வரிகள் புரோகிராமில் இருந்தும், 2011ல் செய்த மாற்றத்தின்போது அவை செயல்படாதபடி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சாதனத்திற்கு 2015க்குப் பிறகு அப்டேட்டும் வரவில்லை. உடனடியாக இன்டர்நெட்டிலிருந்து துண்டிக்குமாறு நிறுவனம் அறிவித்தது. பாடம்: அப்டேட் நின்று போன சாதனத்தை இன்டர்நெட்டில் காட்டக் கூடாது.

மூன்றாவது கதை கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைப் பற்றியது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற தாக்குதல் நடந்தது. திருடர்கள் வைரஸ் எதையும் பெரிதாக எழுதவில்லை. நாம் பைல்களைச் சுருக்கப் பயன்படுத்தும் செவன் ஜிப் புரோகிராமைக் கொண்டே, பைல்களை பாஸ்வேர்ட் போட்டு மூடிவிட்டு, திறந்துவிட 0.01 பிட்காயின் கேட்டனர். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு கும்பல் அதே நிறுவனப் பெட்டிகளைத் தாக்கி 0.03 பிட்காயின் கேட்டது. இரண்டிலும் மாட்டிக் கொண்டவை இன்டர்நெட்டிற்கு நேராகத் திறந்து வைக்கப்பட்ட பெட்டிகள்தான். ரவுட்டருக்குப் பின்னால் மூடியிருந்தவற்றை வெளியிலிருந்து வந்த கும்பலால் தொட முடியவில்லை.

நான்காவது கதை சற்று வித்தியாசமானது. பாஸ்வேர்ட்களைப் பாதுகாத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022ல் பெரிய திருட்டு நடந்தது. அதற்கு ஒரு வழியாக இருந்தது அங்கு பணியாற்றிய பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் திரைப்படம் பார்ப்பதற்காக இருந்த ப்ளெக்ஸ் மீடியா சர்வர் பழைய பதிப்பு. அதிலிருந்த குறைக்கு 2020 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அது பதியப்படவில்லை. அந்த ஓட்டை வழியே நுழைந்தவர்கள், அவர் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் புரோகிராமை வைத்து அலுவலக பாஸ்வேர்டை எடுத்தனர். பாடம்: வீட்டு சர்வரில் இருப்பது சினிமா மட்டும்தான் என்றாலும், அதே கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க்கிலும் நம் அலுவலகமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன.

இனி பூட்டு போடும் வழிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. முதலில் திறந்திருப்பது எது என்று பாருங்கள்

பிரவுசரில் உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்து அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கவும். பெரும்பாலும் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடிப்பகுதியில் ஒட்டப்பட்ட தாளில் காணலாம். உள்ளே போர்ட் பார்வேர்டிங் அல்லது விர்ச்சுவல் சர்வர் என்ற பிரிவைத் தேடவும். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் வெளியுலகிற்கு நீங்கள் திறந்து வைத்த ஒரு கதவு. எதற்கு என்று நினைவில்லாத வரிகளை நீக்கிவிடவும். டி.எம்.இசட். என்ற செட்டிங் இயக்கப்பட்டிருந்தால் உடனே நிறுத்தவும். அது எல்லாக் கதவுகளையும் ஒரே கம்ப்யூட்டருக்குத் திறந்துவிடும்.

அடுத்து யு.பி.என்.பி. என்ற வசதியைப் பார்க்கவும். வீட்டிற்குள் இருக்கும் எந்தச் சாதனமும் உங்களைக் கேட்காமல் ரவுட்டரில் கதவு திறந்து கொள்ள இது அனுமதிக்கிறது. விலை மலிவான கேமரா ஒன்று இதைப் பயன்படுத்திக் கொண்டிருக்கலாம். இதையும் நிறுத்தி வைப்பது நல்லது. சில கேம்கள் தடுமாறினால் மட்டும் அது பற்றி யோசிக்கலாம்.

ரவுட்டரை வெளியிலிருந்து இயக்க உதவும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியை மூடவும். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றவும். வைபை பாஸ்வேர்டும் அட்மின் பாஸ்வேர்டும் வெவ்வேறானவை என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை.

2. வெளியிலிருந்து சோதித்துப் பாருங்கள்

வீட்டிற்குள் நின்று கொண்டு வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. உங்கள் போனில் வைபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில், உங்கள் வீட்டின் வெளி ஐ.பி. முகவரியை பிரவுசரில் கொடுத்துப் பார்க்கவும். லாகின் பக்கம் ஏதேனும் வந்தால் அது உலகிற்கே தெரிகிறது என்று பொருள். பல போர்ட்களைச் சோதிக்க வேண்டும் என்றால், ஸ்டீவ் கிப்சனின் ஷீல்ட்ஸ் அப் போன்ற இலவச இணைய தளச் சோதனைகள் உள்ளன.

இங்கு ஒன்றைக் கவனிக்கவும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் காட்டப்படும் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், உங்கள் இன்டர்நெட் நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. சி.ஜி.நாட் என்பது இதன் பெயர். போர்ட் பார்வேர்டிங் எவ்வளவு செய்தும் வேலை செய்யவில்லை என்று புலம்புவோரில் பலருக்குக் காரணம் இதுதான். ஒரு வகையில் இது பாதுகாப்பே. ஆனால் அதோடு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இந்தியாவில் பல நிறுவனங்கள் ஐ.பி.வி6 முகவரியும் சேர்த்துத் தருகின்றன. அதில் வீட்டின் ஒவ்வொரு சாதனத்திற்கும் நேரடி வெளி முகவரி கிடைக்கும். எனவே ரவுட்டரில் ஐ.பி.வி6 பயர்வால் இயங்குகிறதா என்று தனியே பார்க்கவும்.

3. கதவே வேண்டாம், சுரங்கப் பாதை போதும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வழியைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள். வெளியிலிருந்து சர்வரைப் பார்க்க போட்டோ புரோகிராமின் கதவைத் திறக்க வேண்டாம். பதிலாக வி.பி.என். என்னும் சுரங்கப் பாதை அமைக்கவும். போனில் அதை ஆன் செய்தால், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் வீட்டு வைபையில் இருப்பது போலவே சர்வர் தெரியும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது.

இதற்கு இப்போது பரவலாகப் பயன்படுவது வயர்கார்ட். 2020 முதல் லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலிலேயே இது சேர்க்கப்பட்டுள்ளது. இதற்கு ரவுட்டரில் ஒரே ஒரு போர்ட் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் யாராவது தட்டினால் இது பதிலே சொல்லாது. தட்டும் புரோகிராமிற்கு அங்கு ஒரு கதவு இருப்பதே தெரியாது. "தவறான பாஸ்வேர்ட்" என்று பதில் சொல்லும் லாகின் பக்கத்தைவிட, பதிலே சொல்லாத சுவர் நல்லது அல்லவா? சி.ஜி.நாட் உள்ள இணைப்பில் போர்ட் திறக்க முடியாதவர்கள், வயர்கார்டையே அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவையைப் பயன்படுத்தலாம். அதில் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்களின் போன்களிலும் ஒருமுறை பதிந்து கொடுத்துவிட்டால் அவர்களும் எளிதாகப் பயன்படுத்துவார்கள்.

எந்தக் காரணத்திற்காகவும் 445, 3389 ஆகிய போர்ட்களை நேராகத் திறக்க வேண்டாம். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை, 445 போர்ட் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

4. பாஸ்வேர்டிற்குப் பதில் சாவி

லினக்ஸ் சர்வரைத் தூரத்திலிருந்து இயக்குவோர் எஸ்.எஸ்.எச். பயன்படுத்துகின்றனர். 1995ல் பின்லாந்தின் தத்து யுலோனென், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்ட்கள் திருடப்பட்டதைக் கண்டு உருவாக்கிய முறை இது. முறை பலமானதுதான். ஆனால் பாஸ்வேர்ட் எளிதாக இருந்தால் முறை என்ன செய்யும்? தட்டும் புரோகிராம்கள் ரூட், அட்மின், டெஸ்ட், பை என்று யூசர் நேம்களையும், 123456 போன்ற பாஸ்வேர்ட்களையும் சலிக்காமல் முயன்று கொண்டே இருக்கும்.

இதற்கு மாற்று, சாவி ஜோடி. உங்கள் லேப்டாப்பில் இரண்டு பைல்கள் உருவாக்கப்படும். ஒன்று பூட்டு போன்றது; அதை சர்வரில் வைத்துவிடலாம். இன்னொன்று சாவி; அது லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது. சாவி இல்லாதவர் எத்தனை கோடி முறை முயன்றாலும் பாஸ்வேர்டை ஊகிக்கும் வேலைக்கே அங்கு இடமில்லை. சாவி பைலுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டு வைத்தால், லேப்டாப் தொலைந்தாலும் பயமில்லை.

சாவி சரியாக வேலை செய்கிறது என்பதை இன்னொரு விண்டோவில் சோதித்த பிறகே, எஸ்.எஸ்.எச். செட்டிங் பைலில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் என்பதையும், பெர்மிட் ரூட் லாகின் என்பதையும் "நோ" என்று மாற்றவும். அவசரப்பட்டு முதலிலேயே மாற்றினால் நீங்களே வெளியில் நிற்க வேண்டியதாகிவிடும். மாற்றிய பின் சாவி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நுழைய முயன்று பார்க்கவும். பாஸ்வேர்ட் கேட்டால் மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. உபுண்டு சர்வரில் இதே செட்டிங் ஒரு துணை போல்டரில் உள்ள இன்னொரு பைலிலும் இருப்பதுண்டு. அது முதலில் படிக்கப்படுவதால் அதில் உள்ளதே செல்லும். இதைப் பார்க்காமல் பூட்டிவிட்டதாக நம்பிக் கொண்டிருப்போர் உண்டு.

போர்ட் எண் 22ஐ வேறு எண்ணாக மாற்றினால் போதுமா என்றும் சிலர் கேட்பார்கள். தட்டும் சத்தம் குறையும். அவ்வளவுதான். தேடுபவர் எல்லாக் கதவுகளையும் தட்டினால் கண்டுபிடித்துவிடுவார்.

5. பாஸ்வேர்ட் கட்டாயம் தேவைப்படும் இடங்களில்

நாஸ் பெட்டியின் அட்மின் பக்கம், போட்டோ புரோகிராம் போன்றவை பாஸ்வேர்ட் கேட்கத்தான் செய்யும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமைக்கவும். பெயர், பிறந்த தேதி, வண்டி எண் வேண்டாம். ஒரு இடத்தில் பயன்படுத்தியதை இன்னொரு இடத்தில் பயன்படுத்த வேண்டாம். எடுத்துக்காட்டு ஒன்று தரலாம்தான். ஆனால் அச்சில் வந்ததையே அப்படியே வைத்துக் கொள்வோர் இருப்பதால் தவிர்த்துவிட்டோம். போனில் வரும் எண்ணையும் சேர்த்துக் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு வசதி இருந்தால் அதை இயக்கவும்.

6. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்

மேலே பார்த்த கதைகளில் பாதிக்கு மேல் அப்டேட் இல்லாததால் வந்தவை. டெபியன், உபுண்டு போன்றவற்றில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே பதியும்படி அமைக்கலாம். கெர்னல் மாறினால் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு நிறுத்தாமல் ரவுட்டர், நாஸ் பெட்டி, போட்டோ புரோகிராம், மீடியா சர்வர் ஆகியவற்றையும் மாதம் ஒருமுறை பார்க்கவும். மாதத்தின் முதல் ஞாயிறு என்று காலண்டரில் குறித்து வைத்துக் கொண்டால் எளிது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. பழைய கம்ப்யூட்டரில் அவை நன்றாக ஓடுகின்றன என்பதற்காக அப்படியே சர்வராக்கி வெளியுலகிற்குக் காட்ட வேண்டாம்.

7. சர்வரிலும் ஒரு பயர்வால்

ரவுட்டர் வாசல் கதவு என்றால், சர்வரில் உள்ள பயர்வால் அறைக் கதவு. தேவையான ஓரிரு போர்ட்களை மட்டும் அனுமதித்து மற்ற அனைத்தையும் தடுக்கவும். டாக்கர் மூலம் புரோகிராம்களை இயக்குவோர் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். உபுண்டுவின் யு.எப்.டபிள்யூ. பயர்வாலில் நீங்கள் தடுத்து வைத்த போர்ட்டையும், டாக்கர் தன் வழியில் திறந்துவிடும். பயர்வால் பட்டியலில் அது தெரியாது. எனவே டாக்கரிலேயே எந்த முகவரிக்கு மட்டும் திறக்க வேண்டும் என்று குறிப்பிடவும்.

சி.சி.டி.வி. கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றை ரவுட்டரின் கெஸ்ட் வைபையில் சேர்த்துவிடவும். அவற்றில் ஒன்று மாட்டிக் கொண்டாலும் சர்வர் இருக்கும் நெட்வொர்க்கிற்கு வர முடியாது.

8. லாக் பைலைப் படிக்கப் பழகுங்கள்

சர்வரில் யார் நுழைய முயன்றார்கள் என்பதை ஆப்பரேட்டிங் சிஸ்டம் லாக் பைலில் எழுதி வைக்கிறது. எஸ்.எஸ்.எச். கதவைத் திறந்து வைத்தவர்கள் அதை முதன்முதலாகப் பார்த்தால் அதிர்ச்சி அடைவார்கள். "பெயில்டு பாஸ்வேர்ட்" என்ற வரிகள் பக்கம் பக்கமாக இருக்கும். இதைப் பார்த்து சர்வர் போய்விட்டது என்று அலற வேண்டாம். அவை பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்துத் திரும்பியவர்களின் கால் தடங்கள். நீங்கள் தேட வேண்டியது "அக்செப்டட்" என்ற சொல் உள்ள வரிகளை. அவற்றில் உள்ள நேரமும் முகவரியும் உங்களுடையவைதானா என்று பார்க்கவும். இரவு 3 மணிக்கு நீங்கள் தூங்கிக் கொண்டிருந்தபோது ஒரு "அக்செப்டட்" இருந்தால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

பெயில்டூபேன் என்ற இலவச புரோகிராம் இந்த லாக் பைலைத் தொடர்ந்து படித்துக் கொண்டே இருக்கும். ஒரே முகவரியிலிருந்து ஐந்து முறை போல தவறினால், அந்த முகவரியைச் சிறிது நேரம் தடுத்துவிடும். பயனுள்ளது. ஆனால் எளிதான பாஸ்வேர்டிற்கு இது மாற்று ஆகாது. ஆயிரம் வெவ்வேறு முகவரிகளிலிருந்து வருவோரை இதனால் எண்ண முடியாது.

9. பூட்டு உடைந்தாலும் இழப்பு வரக் கூடாது

எல்லாம் செய்தும் ஒரு நாள் தவறு நடக்கலாம். ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போகவும் செய்யலாம். எனவே பேக்அப் மிக முக்கியம். 3-2-1 என்ற விதி நினைவில் வைக்க எளிதானது: மூன்று நகல்கள், இரண்டு வகையான சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். சர்வரோடு எப்போதும் இணைந்தே இருக்கும் யு.எஸ்.பி. டிஸ்க் பேக்அப் ஆகாது. சர்வரில் நுழைந்தவன் அதையும் பூட்டிவிடுவான். வாரம் ஒருமுறை இணைத்து, நகலெடுத்து, கழற்றி பீரோவில் வைக்கவும். இன்னொன்றை அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ வைக்கலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதிலிருந்து நான்கு போட்டோக்களைத் திறந்து பார்க்கவும். திறந்து பார்க்காத பேக்அப்பை நம்ப முடியாது.

உள்ளே வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால்

சர்வர் சும்மா இருக்கும்போதே மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது, இன்டர்நெட் அப்லோட் அளவு திடீரென எகிறுகிறது, உங்களுக்குத் தெரியாத யூசர் பெயர் உள்ளது, பைல்களின் பெயருக்குப் பின்னால் புதிய எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன என்பவை அடையாளங்கள். முதல் வேலை, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைபை இணைப்பையும் துண்டிப்பது. பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்ட்களை மாற்றவும். சர்வரைச் சுத்தம் செய்து தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். நுழைந்தவன் எத்தனை பின் கதவுகளை வைத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டிஸ்க்கை அழித்து, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் பதிந்து, பழைய பேக்அப்பிலிருந்து பைல்களை எடுக்கவும்.

பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டால் கொடுக்க அவசரப்பட வேண்டாம். கொடுத்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பூட்டப்பட்ட பைல்களை அழிக்காமல் தனியே வைத்திருக்கவும். 2022ல் நெதர்லாந்து போலீசார், டெட்போல்ட் கும்பலுக்குப் பணம் செலுத்துவது போல் செலுத்தி, சாவி வந்தவுடன் பணத்தைத் திரும்பப் பெற்று, 155 சாவிகளைக் கைப்பற்றினர். பூட்டிய பைல்களைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கே அந்தச் சாவிகள் பயன்பட்டன. பணம் பறிபோயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்திடவும்.

இந்த ஞாயிறே தொடங்குங்கள்

ஒன்பதையும் ஒரே நாளில் செய்திட முடியாது. இந்த ஞாயிறு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, தேவையற்ற போர்ட்களை மூடி, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் போட்டோக்களை நகலெடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. அடுத்த ஞாயிறு வயர்கார்டை அமைக்கலாம். நீங்கள் தூங்கும் இரவிலும் யாரோ எங்கிருந்தோ உங்கள் முகவரியைத் தட்டத்தான் போகிறார்கள். அதைத் தடுக்க முடியாது. தட்டியவருக்குப் பதில் கிடைக்காதபடி மட்டும் பார்த்துக் கொண்டால் போதும். குழந்தையின் முதல் பிறந்த நாள் வீடியோ, அது பத்தாம் வகுப்பு முடிக்கும்போதும் உங்கள் சர்வரில் இருக்கும்.